கோயில் குழாயின் கணக்கு எண்

என் மலாய் நன்றாக இருக்கும். அதுதான் வினையாகிவிட்டது.

மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் கடிதம் எழுதும் கிராணியாக இருந்தேன். வக்கீலுக்கே தெரியாத மரியாதைச் சொற்கள் எனக்குத் தெரியும். மேலிடத்துக்கு எழுதும்போது எந்த வரியில் பணிய வேண்டும், எந்த வரியில் நிமிர வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் விடுவதில்லை. புக்கிட் காத்திலில் என் வீட்டு கேட்டுக்கு முன்னால் யாராவது பிளாஸ்டிக் பையில் ஐ.சி. அடையாள அட்டையும் பழைய கடிதங்களும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். பிறப்புப் பத்திரமோ, பென்ஷனோ, நகராண்மைக் கழகத்து நோட்டீஸோ, எதுவானாலும் எழுதிக் கொடுப்பேன். கைம்மாறாக எதுவும் வாங்கியதில்லை. நல்லா எழுதியிருக்கீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டியதில்லை. இப்படிப்பட்ட ஆளிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

என் அக்கா நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறாள். அத்தான் அங்கே செம்பனைக் குலை வெட்டியவர். சர்க்கரை வியாதி முற்றி இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். மருந்துத் தண்ணீரைப் பையிலிருந்து வயிற்றுக்குள் விட்டு, உள்ளே இருக்கும் பழையதை வெளியே எடுக்க வேண்டும். நாளுக்கு நான்கு முறை. வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் நர்ஸ் மிஸ்ஸி ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். குழாயைத் தொடுவதற்கு முன் ஓடும் தண்ணீரில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வாளியில் மொண்டு ஊற்றுவது கூடாது, கிருமி உள்ளே போனால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம். குலை வெட்டிய கை, அவசரத்துக்கே பழகிய கை, அதற்குப் பிறகு ஒரு சடங்கு மாதிரி கழுவக் கற்றுக்கொண்டது. விரல் விரலாக, நகம் நகமாக, வாய்க்குள் எண்ணிக்கொண்டே கழுவுவார்.

அந்தத் தண்ணீர்தான் நின்றுபோனது.

தோட்டம் கைமாறிவிட்டது. வாசல் போர்டில் கம்பெனி பெயர் மூன்று முறை மாறியதைப் பார்த்தேன். கடைசிக் கம்பெனியின் ஆட்கள் யாரும் லயத்துப் பக்கமே வந்ததில்லை. மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் தோட்டத்துக்கென்று ஒரு பெரிய மீட்டர் உண்டு. அதிலிருந்து கம்பெனியின் சொந்தக் குழாய் லயம் வரைக்கும் வரும். மறுநடவுக்கு வந்த மண்வாரி இயந்திரம் அந்தக் குழாயை எங்கேயோ நசுக்கிவிட்டது. செய்து தருகிறோம் என்றார்கள். தோட்டத்து ஆபீசில் கேட்டால் தலைமை ஆபீசைக் கேட்கச் சொன்னார்கள். தலைமை ஆபீசுக்குப் போன் செய்தால் பாட்டுப் போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். தண்ணீர் கம்பெனியில் விசாரித்தேன். பெரிய மீட்டர் வரை தண்ணீர் ஒழுங்காகப் போகிறது, அதற்கு உள்ளே நடப்பது நிலத்துக்காரர் பொறுப்பு என்று அடக்கமாகச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று அக்காவிடம் எத்தனையோ தடவை சொன்னேன். அவளால் வர முடியாது. லயத்தில் ஒன்பது வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாரும் ஓய்வு பெற்ற தொழிலாளிகள். அவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டித் தருவதாகக் கம்பெனி வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தது. கணக்கெடுக்க வருகிற அன்றைக்கு யார் லயத்தில் குடியிருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வீடு. எந்த நாள் வருவார்கள் என்று சொல்லவில்லை. அதனால் ஒருவரும் இடத்தை விட்டு அசைவதில்லை. கல்யாணத்துக்குப் போனால்கூட வீட்டில் ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டுப் போவார்கள்.

அவர்களைக் காப்பாற்றியது மாரியம்மன் கோயில். லயத்துக்கு எதிரே, ரோட்டை ஒட்டிய கோயில். தோட்டத்துக் குழாயோடு சம்பந்தம் இல்லாமல் அதற்கென்று தனி மீட்டர் இருந்தது. பல வருடத்துக்கு முன்பு கோயில் தலைவராக இருந்த ஒரு பெரியவர் ஆபீஸ் ஆபீசாக அலைந்து, தன் ஐ.சி.யைக் கொடுத்து, தன் பெயரில் வாங்கிய மீட்டர். அவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஒரு தடவை கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் அந்தப் பேச்சை எடுத்தார். அந்த மனுசன் வாங்கிக் கொடுத்த தண்ணி, அவரு பேரை எடுத்தா சாமி கேக்காதா என்று எல்லாரும் அவர் மேல் பாய்ந்தார்கள். இறந்தவரின் படத்தைக் கோயில் சுவரில் மாட்டி மாலை போட்டிருந்தார்கள், பில்லிலும் அவர் பெயர் வந்துகொண்டிருந்தது. இரண்டுமே ஒரே மரியாதை என்றுதான் நினைத்தார்கள். வக்கீல் ஆபீசில் இருந்தவன் நான், அக்காவைப் பார்க்கப் போய் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்தேன். வாயைத் திறந்திருக்க வேண்டும். நானும் தலையாட்டிவிட்டு வடையை எடுத்துக்கொண்டேன்.

தோட்டத்துக் குழாய் நின்ற வாரமே கோயில் குழாயிலிருந்து கருப்பு ரப்பர் பைப் இழுத்து ஒன்பது வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே நேரத்தில் எல்லாரும் திறந்தால் யாருக்கும் வராது. அதனால் முறை வைத்தார்கள். ஒரு அட்டையில் எழுதிக் கோயில் தூணில் கட்டித் தொங்கவிட்டார்கள். காலையில் முதல் தண்ணீர் சாமிக்கு. அடுத்தது அத்தான் கை கழுவ. அதற்குப் பிறகுதான் மற்ற வீடுகள். பகலிலும் அப்படித்தான், அவருடைய நான்கு நேரத்தில் வேறு யாரும் குழாயைத் திறக்க மாட்டார்கள். துணி அலசிக்கொண்டிருக்கிறவர்கள்கூடப் பாதியில் மூடிவிடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்து நடந்த காரியம் இல்லை அது. அந்த அட்டையைப் பார்த்த அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினவன் சும்மா இருந்திருக்கலாம்.

ஆனால் எனக்குக் கோபம். கம்பெனி கொடுக்க வேண்டிய தண்ணீரைக் கோயில் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று கொதித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் விற்கிற கம்பெனிகளைத் தட்டிக்கேட்பதற்கென்றே அரசாங்கம் ஓர் ஆணையம் வைத்திருக்கிறது. அதற்குச் சட்டம் இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது, புகார் செய்ய இணையத்தில் நிரப்பி அனுப்பும் பாரமும் இருக்கிறது. சட்டத்தைத் தரவிறக்கிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குத் தெம்பு வந்தது. இனி அந்தக் கம்பெனியை ஒரு கை பார்த்துவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

லயத்து வீட்டில் உட்கார்ந்து, கைப்பேசியில் பாரத்தை நிரப்பினேன். பெயர், ஐ.சி. எண், லயத்து முகவரி எல்லாம் போனது. அடுத்தது தண்ணீர்க் கணக்கு எண். பக்கத்தில் சிவப்புப் பொட்டு. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. லயத்தில் யாருக்கும் கணக்கு எண் கிடையாது, இருந்தால் இந்தக் கதையே இல்லை. பூஜ்யமாகப் போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை. என் வீட்டு எண்ணைப் போட்டால் முகவரி ஒத்துப்போகவில்லை. அக்கா வீட்டுச் சுவரில் ஆணியில் கோயில் பில் குத்தியிருந்தது. அந்த மாதம் பில்லை வைத்திருக்கும் முறை அவளுடையது. அந்த எண்ணைப் பார்த்து அடித்தேன். கதவு திறந்த மாதிரி அடுத்த பக்கம் வந்தது. என்னுடைய சாமர்த்தியத்தை நினைத்து நானே சிரித்தேன்.

பாரத்தோடு ஒரு கடிதமும் இணைத்தேன். இணைத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கம்பெனி செய்ததை எழுதி முடித்த பிறகு கடிதம் எனக்கு மொட்டையாகத் தெரிந்தது. படிக்கிறவன் நெஞ்சில் தைக்க வேண்டுமே. அதனால் கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். தண்ணீர் தர வேண்டியவர்கள் கைவிட்ட இந்த ஒன்பது குடும்பங்களையும் எங்கள் சிறிய கோயில்தான் தன் குழாயிலிருந்து தண்ணீர் கொடுத்துக் காத்து வருகிறது, அந்தக் குழாயை வாங்கித் தந்த நல்லவர் இன்று எங்களோடு இல்லை, ஆனாலும் அவர் பெயரிலேயே இன்றுவரை எங்களுக்குத் தண்ணீர் வருகிறது. மலாயில் இது இன்னும் அழகாக இருந்தது. அத்தானுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"அந்தக் கோயில் பத்தி எழுதினதை இன்னொரு தரம் படி மாப்ள" என்றார்.

படித்தேன். பிறகு அனுப்பினேன்.

பதினைந்து நாளில் ஆட்கள் வந்துவிட்டார்கள். கம்பெனி ஆறு மாதமாக எட்டிப் பார்க்காத இடத்துக்கு ஆணையம் பதினைந்து நாளில் வந்தது. எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மலாய் அதிகாரியும், ஒரு தமிழ்ப் பெண்ணும். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுதான் இருக்கும், நல்ல மரியாதை, எல்லாரையும் ஆண்ட்டி, அங்கிள் என்று கூப்பிட்டாள். அக்கா உளுந்து வடை சுட்டு, தே கலக்கிக் கொடுத்தாள். கோயில் குழாய்த் தண்ணீரில் கலக்கிய தே.

அந்தப் பெண் குழாயைப் பார்க்க வேண்டும் என்றாள். போட்டி போட்டுக்கொண்டு காட்டினார்கள். கோயில் மீட்டரிலிருந்து பைப் எங்கே பிரிகிறது, எந்தப் பைப் எந்த வீட்டுக்குப் போகிறது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல். முறை எழுதிய அட்டையை அவிழ்த்துக் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்தார்கள். அவள் படம் எடுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று மலாய் அதிகாரிக்கு மொழிபெயர்த்தேன். எங்கேயாவது ஒரு பைப்பை விட்டுவிட்டால்கூட, அங்கே இன்னொன்று இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன்.

இந்தக் கணக்குக்கு உரியவர் யார், அவரைப் பார்க்கலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். எல்லாரும் சேர்ந்து கோயில் சுவரைக் கைகாட்டினார்கள். மாலை போட்ட படத்தை அவள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அனுதாபம் என்று எடுத்துக்கொண்டேன். அனுதாபம்தான். எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. என் மலாயைவிட நல்ல மலாய். முதல் பகுதி கம்பெனியைப் பற்றியது. பெரிய மீட்டரின் கட்டணத்தைக் கம்பெனி ஒழுங்காகக் கட்டுகிறது, கம்பெனி ஒரு வாடிக்கையாளர், தண்ணீர் விநியோகம் செய்யும் உரிமம் பெற்ற நிறுவனம் இல்லை, அதன் நிலத்துக்குள் இருக்கும் குழாயைச் சரிசெய்யச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இரண்டாம் பகுதி கோயிலைப் பற்றியது. வழிபாட்டுத் தலத்துக்குக் கொடுத்த இணைப்பிலிருந்து குடியிருப்புகளுக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுப்பது உரிமம் இல்லாத விநியோகம், கணக்குக்கு உரியவர் காலமாகிவிட்டதாகப் புகார்தாரரே தெரிவித்திருக்கிறார், ஆகவே அந்தக் கணக்கை முடித்து மீட்டரை எடுக்கும்படி தண்ணீர் கம்பெனிக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது.

மூன்று தடவை படித்தேன். தண்ணீர் கொடுக்காத கம்பெனி வாடிக்கையாளர். தண்ணீர் கொடுத்த கோயில் குற்றவாளி. இதில் ஒரு வார்த்தைகூடச் சட்டத்துக்குப் புறம்பாக இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மீட்டரை எடுக்க இரண்டு மலாய் ஆட்கள் லாரியில் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கோயில் வாசலுக்குள் வந்தார்கள். மாஃப் லா பச்சே, மன்னிச்சிடுங்க, எங்க வேலை இது என்று பூசாரியிடம் சொன்னார்கள். பூசாரி ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லி, அபிஷேகத்துக்கு ஒரு குடம் பிடித்துக்கொண்டார். அக்கா ஓடி வந்து ஒரு வாளி வைத்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற வீட்டுக்காரர்களும் வாளியும் குடமுமாக வரிசையில் நின்றார்கள். அந்த இரண்டு பேரும் கடைசி வாளி நிறைகிற வரை லாரியில் சாய்ந்து நின்றார்கள். பிறகு மீட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கே ஆணையத்துப் பெண்ணுக்குப் போன் போட்டேன். கத்தத்தான் போட்டேன். அவள் முழுதும் கேட்டாள்.

"அங்கிள், நீங்க எழுதாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள். "எழுத்துல வந்துட்டா நாங்க பார்க்காத மாதிரி இருக்க முடியாது அங்கிள்."

கத்தப் போட்ட போனை நானே வைத்துவிட்டேன்.

பிறகு எத்தனையோ கடிதம் எழுதினேன். இந்தத் தடவை அலங்காரம் எதுவும் இல்லை, கெஞ்சல் மட்டும்தான். கோயிலுக்குப் புது மீட்டர் வேண்டுமென்றால் நிலத்துக்காரர் சம்மதக் கடிதம் வேண்டும். கோயில் நிற்கிற துண்டு நிலமும் தோட்டத்தின் நிலப் பத்திரமான கிராண்டுக்குள் வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சம்மதம் தர வேண்டியது அதே கம்பெனி. அவர்கள் பதில் போடவில்லை. ஆணையத்திலிருந்து என் கைப்பேசிக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது, உங்கள் புகார் முடிக்கப்பட்டது என்று.

லாரித் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தது. அதை நீலத் தோங்குப் பீப்பாய்களில் பிடித்து வைத்தார்கள். அத்தானுக்கு ஓடும் தண்ணீர் வேண்டுமே. தோங்கின் அடியில் ஒரு சின்னக் குழாய் வைத்துக் கொடுத்தேன். பார்வைக்குத் தண்ணீர் ஓடியது. ஆனால் நாள்கணக்கில் நின்ற தண்ணீர். அக்கா காய்ச்சி ஆறவைத்து ஊற்றிப் பார்த்தாள். நாளுக்கு நான்கு முறை, காய்ச்சுவதும் ஆறவைப்பதும் தூக்குவதும் அவள் ஒருத்தியால் ஆகிற காரியமா? அறுபத்தெட்டு வயது அவளுக்கு. எந்த நேரத்தில் எந்தத் தண்ணீரில் தப்பியதோ தெரியாது. ஒருநாள் வயிற்றிலிருந்து வெளியே வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. அக்கா அதைப் பையோடு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

அத்தான் பிழைத்துக்கொண்டார், மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து. குழாயை எடுத்துவிட்டார்கள். இனி வயிற்று வழி ஆகாது, வாரத்துக்கு மூன்று நாள் டவுனில் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். நியாலாஸிலிருந்து அவரால் அலைய முடியாது. எங்கள் வீட்டு முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டோம். அக்கா லயத்தில் இருக்கிறாள். கணக்கெடுக்க வருகிற நாளில் வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே. நாற்பத்தைந்து வருடம் ஒன்றாக இருந்தவர்கள், இப்போது போனில் பசியாறினீங்களா என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

போன வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். அவள் வீட்டுக்கு யார் போனாலும் காரணம் கேட்பதற்கு முன் ஒரு செம்புத் தண்ணீர் கையில் வந்துவிடும். லாரி மூன்று வாரமாக வரவில்லை என்றாள். உட்காரச் சொன்னாள். அத்தான் எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா, காலில் வீக்கம் குறைந்ததா என்று கேட்டாள். செம்பு அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. நான் கொண்டுபோன தண்ணீர்க் கேன்களை இறக்கி வைத்துவிட்டு வந்தேன். கடிதத்தைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அத்தானும் கேட்கவில்லை. அவருக்கு இப்போது கையை அப்படிக் கழுவ வேண்டிய அவசியமே இல்லை. வயிற்றில் குழாய் இல்லை, பை இல்லை. மெஷினில் எல்லாவற்றையும் மிஸ்ஸியே பார்த்துக்கொள்கிறாள். ஆனால் அந்த நான்கு நேரம் வந்தால் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் போகிறார். குழாயை முழுதாகத் திறந்துவிடுகிறார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, விரல் விரலாக, நகம் நகமாக, எண்ணிக்கொண்டே கழுவுகிறார். அந்த நேரத்தில் சமையலறையில் என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் குழாயை மூடிவிட்டு நிற்கிறாள். நான் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

நேற்று அவர் கழுவி முடித்து வர ரொம்ப நேரம் ஆனது. நான் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றேன். வெளியே வந்து கையை நீட்டினார், துடைத்துவிட்டேன்.

"உங்க வீட்டுல தண்ணி நல்லா வருது மாப்ள" என்றார்.